வேகாத ஜவ்வரிசி

எங்கள் கடையின் பெயரைக் கெடுத்தவன் அடுத்த கோடவுன் முதலாளி. இப்போதும் அவனை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். பதிலுக்கு நான் செய்ததை நினைத்தால்தான் கொஞ்சம் ஆறும்.

எண்பதுகளின் தொடக்கம். தென்காசிப் பக்கமிருந்து வந்து, நானும் என் வீட்டுக்காரரும் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சோற்றுக்கடை போட்டிருந்தோம். சாப்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் சுமை தூக்குகிறவர்கள். கணம்பு என்கிற மடவை மீனின் வயிற்றில், கோழிக்கு இருப்பதுபோல் கெட்டியான ஒரு இரைப்பை உண்டு. மற்ற கடைகளில் அதை எறிந்துவிடுவார்கள். நான் கீறி, சேற்றைச் சுரண்டி, மிளகு போட்டு வறுப்பேன். அதற்காகவே முந்திக்கொண்டு வந்து பெஞ்சில் இடம் பிடிப்பார்கள்.

அடுத்த கோடவுனில் பிளாஸ்டிக் வாளியும் குடமும் செய்கிற மணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஜவ்வரிசி அளவு, அதே வெளுப்பு. தூக்குகிறவர்கள் அதைக் குரு என்பார்கள். விதை என்று அர்த்தம். கொக்கி போட்டு இழுக்கையில் சாக்கு கிழிந்து கொட்டும். கொட்டியதையெல்லாம் சாயங்காலம் பின்வாசல் வழியாகக் காயலில், அந்த உப்பங்கழியில், பெருக்கித் தள்ளச் சொல்வான் முதலாளி. ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"கடல் கொண்டுபொய்க்கோளும். நினக்கெந்தா?" என்றான், உனக்கென்ன வந்தது என்கிற மாதிரி.

கடல் கொண்டுபோகவில்லை. கடல்நீர் ஏறும்போது எல்லாம் திரும்பி வந்து எங்கள் படித்துறையில் ஒதுங்கியது. ஒதுங்காததை மீன் தின்றது.

ஒருநாள் மத்தியானம், இரைப்பை வறுவலைக் கடித்த வயதான சுமைக்காரர் ஒருவருக்கு ஆடிக்கொண்டிருந்த பல் கழன்று வந்தது. கூடவே ஒரு வெள்ளை மணி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி அதை வாங்கிப் பார்த்தான். அவனுக்கா தெரியாது? ஆனாலும் ஜன்னல் வழியே அதை எறிந்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"கல்லாணு. பாண்டிகள் மீன் கழுகில்லா."

அங்கே தமிழர்களைப் பாண்டிகள் என்று இளக்காரமாகச் சொல்வார்கள், நாங்கள் மீனைக் கழுவுவதே இல்லையாம். மறுநாளே பெஞ்சு காலி. கடையை மூடிவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்றார் வீட்டுக்காரர். என்னால் முடியாது என்றேன். அவனைச் சும்மா விட்டுவிட்டு எப்படிப் போவது?

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் எங்கள் கடையில் ஜவ்வரிசிப் பாயசம் உண்டு. பாயசத்தில் மீன் இல்லை என்ற தைரியத்தில் அன்றைக்கு மட்டும் எல்லாரும் வந்தார்கள். அவனும் வெட்கமில்லாமல் வந்தான். நான் படித்துறையில் வாரிய மணியைச் சோப்புப் போட்டு அலசி, வெந்நீரில் கொதிக்கவைத்துத் தயாராக வைத்திருந்தேன். அவனுடைய கிளாசில் மட்டும் ஒரு கைப்பிடி போட்டு, பாயசம் ஊற்றிக் கலக்கி, முந்திரியையும் தாராளமாகவே தூவினேன்.

ஒரு வாய் எடுத்து மென்றான். மறுபடியும் மென்றான்.

"சௌவரி வெந்திட்டில்லல்லோ," என்று ஜவ்வரிசி வேகாததைக் குறை சொன்னான்.

"நல்லா மென்னு பாருங்க முதலாளி."

மென்று பார்த்தான். முகம் கோணியது. உள்ளங்கையில் துப்பினான். பல் போன அந்தப் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"இது நம்மடெ குருவாணல்லோ," என்றார்.

"அதேதான் சேட்டா. என் மீன் தின்னதும் இதைத்தான், உங்க பல்லைக் கழட்டினதும் இதுதான். நான் எவ்வளவு வேகவச்சாலும் இது வேகாது."

அன்றைக்குக் கல் என்று சொன்னது நீதானே என்று பெரியவர் முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"கல்லெந்நல்லே அன்னு பறஞ்ஞது?"

அவன் எழுந்தான். வாசலில் மாட்டியிருந்த குடையைக்கூட எடுக்காமல் போனான். அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க நான்தான் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போனேன்.

பெஞ்சு மறுபடி நிறைந்தது. ஆனால் இரைப்பை வறுவலை நான் விட்டுவிட்டேன். எந்த மீனைக் கீறினாலும் உள்ளே மணி இருந்தது. அவன் தள்ளுவதை நிறுத்தவில்லை. இருட்டின பிறகு தள்ளச் சொன்னான், அவ்வளவுதான். மீன்கள் தினமும் தின்றதை அவன் ஒரே ஒரு வாய்தான் மென்றான். அந்தக் கிளாசை முழுக்கக் குடிக்கவிட்டுப் பிறகு வாயைத் திறந்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.