அக்காவின் உயரத்துக்கு ஒரு மிஷின்

அத்தானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால், மூன்றாவது வார்த்தைக்கே நான் யோசிக்க வேண்டியிருக்கும். என் அக்காவைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடமாகிறது, இன்னும் யாரிடமும் பிடிகொடுத்துப் பேசமாட்டார். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக், நிரந்தர இரவு டியூட்டி. அங்கே அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். லிஃப்ட் மாடித் தரைக்குச் சமமாக நிற்காமல் ஒரு நூல் இறங்கி நின்றால் போதும், மனிதருக்குச் சோறு இறங்காது. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளக்கிற டேப் இருக்கும்.

அக்கா விளையாட்டு மைதானத்துக்கு எதிரே கூல்டிரிங்க்ஸ் கடை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட மூட மாட்டாள். குடித்துவிட்டுப் போட்ட டின்களைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கம் சிமென்ட் தரையில் நின்று ஒவ்வொன்றாகக் குதிகாலால் மிதித்துத் தட்டையாக்குவாள். தட்டையாக இல்லாவிட்டால் பழைய இரும்புக்கடைக்காரர், "காத்தையா நான் ஏத்திக்கிட்டுப் போறது?" என்று கேட்டு வண்டியைத் திருப்பிவிடுவார். பதினெட்டு வருடம் மிதித்ததில் அவளுடைய வலது மூட்டு தேய்ந்துபோயிற்று. இனி மிதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து மகளுக்கு வேறு ஊரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. பெண்ணைக் குடிவைத்துவிட்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடுகிறேன் என்று அக்கா கடையைப் பூட்டிவிட்டுப் போனாள். போன இடத்தில் கல்லூரி கேன்டீனில் டோக்கன் கொடுக்கிற வேலை கிடைத்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை. மூன்று மாதம் பதினாலு மாதமாயிற்று.

நான் வேன் டிரைவர், அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அத்தான் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், இரண்டு பேர் பேசுவதும் படிக்கட்டு வழியாக எனக்குக் கேட்கும்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஆச்சு. மூட்டு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

அவ்வளவுதான். இதற்கு எதற்கு ஒரு போன்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கீழே இறங்கிப் போய், "அத்தான், வந்துடுன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போயிடும்?" என்றேன்.

"மிதிக்க முடியாதேன்னுதான் வராம இருக்கா, மச்சான். அதுக்கு ஒரு வழி பண்ணிட்டா தானா வந்துடுவா" என்றார்.

திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் அதற்கு முந்தின மாலை அவரை நான் பார்த்திருந்தேன். வேன் ஓட்டிக்கொண்டு மைதானம் பக்கம் போனபோது, பூட்டிய கடைக்கு முன்னால் சாலையோரம் நின்றுகொண்டிருந்தார். டியூட்டிக்குப் போகிற வழியில் தினமும் அங்கே ஒரு மணி நேரம் நின்று அக்காவோடு பேசிவிட்டுப் போவது அவர் வழக்கம். அவள் இல்லாத இந்தப் பதினாலு மாதமும் அந்த ஒரு மணி நேரம் போய் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறார். ஹாரன் அடிக்காமல் கடந்துபோய்விட்டேன்.

ஆகவே, மிதிக்காமலே டின் நசுக்க அவர் ஒரு மிஷின் செய்ய ஆரம்பித்தபோது கூடமாட ஒத்தாசைக்கு நானும் சேர்ந்தேன். வேன் போகிற இடங்களிலெல்லாம் காலி டின் பொறுக்கி வந்தேன்.

முதல் மிஷின், இரண்டு பலகையும் ஒரு கீலும்தான். நடுவில் வைத்த டின் அமுங்காமல் நழுவிச் சுவரில் போய் மோதியது. இரண்டாவதைச் சுவரில் மாட்டினார். பிளாஸ்டிக் குழாயை நெடுக்குவாக்கில் பிளந்து டின் நிற்க ஒரு தொட்டில், அதற்கு மேலே கனமான கட்டை, கட்டையை இறக்க ஒரு நீள இரும்புக் கைப்பிடி. இழுத்ததும் டின்னில் மிச்சமிருந்தது பீறிட்டு என் முகத்தில் அடித்தது. "அடியில ஒரு ஓட்டை போடணும்" என்றார். எனக்கு ஒரு துணி கொடுக்கத் தோன்றவில்லை மகராசனுக்கு.

பிறகுதான் ஒன்றைக் கண்டுபிடித்தார். நேராக நிற்கிற டின் மேல் ஒரு ஆளே ஏறி நின்றாலும் தாங்கும். பக்கவாட்டில் சின்னப் பள்ளம் விழுந்துவிட்டால் பொசுக்கென்று உட்கார்ந்துவிடும். தொட்டிலின் முதுகில் உருண்டைத் தலை போல்ட் ஒன்றைப் பதித்தார். டின்னை வைத்து உள்ளங்கையால் ஒரு தள்ளு, பள்ளம் விழும். அப்புறம் கைப்பிடியை ஒரே இழு. ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்ததில் ஆறு கிலோ காட்டியது. அவளுக்கு இது அதிகம் என்று கைப்பிடியை ஒரு சாண் நீட்டினார். நாலாயிற்று. நசுங்கிய டின் வட்டத் தட்டாகக் கீழே வாளியில் விழுந்தபோது மனிதர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த வருடத்தில் அன்றுதான்.

கடைசியாக உயரம் குறிக்க வேண்டும். சுவருக்கு முன்னால் நின்று கண்ணை மூடினார். கையைத் தூக்கி, "இங்க அவ கண்ணு. அப்ப கைப்பிடி இங்க" என்று பென்சிலால் கோடு போட்டார்.

"போன் பண்ணி உயரம் கேட்டுக்கலாமே அத்தான்?"

"என் பொண்டாட்டி உயரம் எனக்குத் தெரியாதா?"

எனக்கும் உறைக்கவில்லை. ட்ரில்லை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று போனில், "ஒரு மிஷின் பண்ணியிருக்கேன். வந்து பாரு" என்றார். 'வந்து' என்ற சொல் வரைக்கும் வந்துவிட்டாரே என்று நான் மாடிப்படியில் நின்று சந்தோஷப்பட்டேன். அக்கா இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

வந்ததும் பையைக்கூட வைக்கவில்லை, பின்பக்கம் போனாள். எட்டிக் கைப்பிடியைப் பிடித்தாள். குதிகால் தரையை விட்டு எழும்பியதுதான் மிச்சம். "ஏங்க, இதைப் புடிச்சு இழுக்கறதா, தொங்கறதா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அத்தான் டேப்பை உருவி அளந்தார். இருபத்தோரு சென்டிமீட்டர் தப்பு. மில்லிமீட்டர் தலையைத் தூக்கவே இல்லை.

அக்காவின் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. "கடைப் பலகை" என்றாள் மெதுவாக.

மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று கடைக்குள் செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டிருந்தாள். அதன்மேல் நின்றுதான் வியாபாரம். அத்தானுக்கு இரவு வேலை, அவளுக்குப் பகல் வேலை. அவர் தூங்கி எழும்போது அவள் கடையில் இருப்பாள், அவள் வீடு திரும்பும்போது அவர் லிஃப்ட்டில் இருப்பார். இரண்டு பேரும் விழித்த கண்ணோடு பார்த்துக்கொண்டது அந்தச் சாயங்கால ஒரு மணி நேரம்தான்.

"நான் பலகை மேல நின்னேன், நீங்க ரோட்டுல நின்னீங்க. அதான் கண்ணுக்கு நேரா கண்ணு" என்றாள். "பதினெட்டு வருஷத்துல ஒரே ஒரு நாள் உள்ள வந்து நின்னிருக்கலாம்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கே அங்கே நிற்க முடியவில்லை.

அத்தான் அவளைச் சுவரோடு சாய்ந்து நிற்கச் சொன்னார். தலை, தோள், முழங்கை என்று ஒவ்வொன்றாக அளந்து கோடு போட்டார். டேப்பைப் பார்த்துக்கொண்டே, "நீ இல்லாம இந்த வீட்டுல இருக்க முடியல. வந்துடு" என்றார்.

அக்கா சுவரை விட்டு விலகி அவர் பக்கம் திரும்பினாள்.

"இதைப் போன வருஷமே சொல்லியிருந்தா வேலைக்கே சேர்ந்திருக்க மாட்டேன். வான்னு நீங்க கூப்பிடுவீங்கன்னு பார்த்துப் பார்த்து, நான் வேணாம்போலன்னு நெனச்சுட்டேன்."

"மூட்டு வலியாலதான் வரலைன்னு..."

"மூட்டுக்கு என்னங்க? பொண்ணு படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. இப்ப அவ என்னை நம்பித்தான் இருக்கா. பாதியில விட்டுட்டு எப்படி வர்றது?"

"முடிஞ்சதும்?"

"முடிஞ்சதும் வரேன்" என்று அவர் கையிலிருந்த டேப்பை வாங்கிச் சுருட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் பஸ் ஏறிவிட்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிய அத்தான் செருப்பைக் கழற்றின கையோடு மிஷினையும் கழற்றி, இருபத்தோரு சென்டிமீட்டர் இறக்கி மாட்டினார். அவரோ ஓங்குதாங்கான ஆள். டின்னை வைக்கவும் குனிய வேண்டும், கைப்பிடியை இழுக்கவும் குனிய வேண்டும். நான் பொறுக்கி வருகிற டின்களை நசுக்கும்போது, பத்து டின்னுக்கு ஒரு தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், இப்போதைக்கு மேலயே மாட்டிக்கோங்க. அவ வரும்போது இறக்கிக்கலாம்" என்றேன்.

அவர் இன்னொரு டின்னை எடுத்துத் தொட்டிலில் வைத்தார். உள்ளங்கையால் ஒரு தள்ளு, பள்ளம் விழுந்தது.

"ரெண்டு வருஷம்தானே மச்சான். குனிஞ்சுக்கறேன்."