ஈர பெஞ்சும் என் அண்ணியும்

எங்கள் தீவு ஆட்களுக்கு உயிர் போனாலும் பரவாயில்லை, பின்பக்கம் மட்டும் நனையக் கூடாது. சும்மா சொல்லவில்லை. கரையில் இருக்கும் தையல் கடைக்கு நான் தினமும் படகில் போய்வருகிறவள். காற்றும் தூறலுமான மாதங்களில் படகு பெஞ்செல்லாம் ஈரமாகிவிடும். உடனே, தலைக்கு ஒன்றாகக் கொடுக்கிற லைஃப் ஜாக்கெட்டை அடியில் போட்டு ஜம்மென்று உட்கார்ந்துகொள்வார்கள்.

அந்தப் படகில் டிக்கெட் கொடுப்பவர் என் அண்ணி. ஜாக்கெட்டை எடுத்து மாட்டச் சொல்லிக் கத்தியே அவருக்குத் தொண்டை கட்டிப்போகும். பழைய புடவையைக் கிழித்துவந்து பெஞ்சைத் துடைத்தும் பார்த்தார். அடுத்த தூறலில் மறுபடி ஈரம். 'வாத்தியாரம்மா' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் படகு முதலாளியிடம் போய் வத்தியும் வைத்தார்கள். "இன்னொரு புகார் வந்துச்சுன்னா, வீட்டோட இருந்துக்க" என்று அவர் சொல்லிவிட்டார். அண்ணன் இடுப்பு ஒடிந்து படுத்திருந்த நேரம். அண்ணியின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

போன வாரம் விடிந்ததிலிருந்தே பேய்க்காற்று. எல்லாரும் ஜாக்கெட் போட்டால்தான் படகை எடுக்கலாம் என்று படகுத்துறையில் அறிவித்துவிட்டார்கள். முணுமுணுத்தபடி எல்லாரும் மாட்டினார்கள், ஒரே ஒரு மகானைத் தவிர. முதலாளியின் மச்சான். இஸ்திரி போட்ட சட்டை கசங்குமாம்!

"போட்டுக்கங்க சார். இல்லன்னா கயித்த அவுக்க விடமாட்டேன்."

"நான் யாருன்னு தெரியுமில்ல?"

"எனக்குத் தெரியும் சார். அலைக்குத் தெரியாதே."

படகிலிருந்தவர்கள் யார் மேல் பாய்ந்தார்கள் என்கிறீர்கள்? அண்ணி மேல்! "அவரு ஒருத்தருக்காக எங்கள ஏம்மா காக்க வைக்கிற?" என்றாள் ஒரு மகராசி. அப்போதுதான் அவள் குழந்தைக்கு அண்ணி நாடா கட்டிவிட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த ஆளக் கேக்க ஒருத்தருக்கும் வாய் வரலையா?" என்று கத்தினேன். கடைசியில் மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினார். படகு கிளம்பியது.

பாதி வழியில் சடசடவென்று மழை அடித்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அத்தனை பேரும் ஜாக்கெட் நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய் பேசாமல் கிடந்தார்கள். மச்சானும்தான்.

கரையில் கால் வைத்ததும் நாக்கு திரும்ப முளைத்துவிட்டது. நேரே முதலாளி அறைக்குப் போனார்கள்.

"ஒண்ணும் ஆகலையே, எதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம் பண்ணின?" என்றார் முதலாளி.

"ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் சார்."

அது திமிராம். வேலை போய்விட்டது. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பாவிகள்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. வேறு ஆள் கிடைக்கும்வரை டிக்கெட் கொடுக்க மச்சானையே உட்கார வைத்திருந்தார்கள். அண்ணி காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார்.

"ஜாக்கெட் ஒண்ணு குடுங்க சார்."

மச்சான் திரும்பிப் பார்த்தார். "எதுக்கும்மா? பெஞ்சுதான் காஞ்சிருக்கே!"