அப்புறம் அக்கா

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் அக்கா கணக்கு சொல்லிக்கொடுப்பார். எதிரே இருக்கும் பையன் மூன்றாவது வரியில் தப்பு செய்கிறான். அக்காவின் தோள் துடிக்கிறது. வாய் மட்டும், "ம்ம்... அப்புறம்?" என்கிறது. அவன் அடுத்த வரிக்குப் போகிறான், தப்பும் கூடவே போகிறது. "அப்புறம்?" கொஞ்ச தூரம் போனதும் அவனே நின்று, தலையைச் சொறிந்து, மேலே போய் அடித்து எழுதுகிறான். அதன் பிறகுதான் கைகள் வெளியே வரும். நாற்காலியின் பிரம்புப் பின்னல் உள்ளங்கை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும்.

கல்லூரியில் அவருக்கு 'அப்புறம் அக்கா' என்றுதான் பெயர். சொந்தப் பெயர் வருகைப்பதிவு எடுக்கும்போது மட்டும் எட்டிப்பார்க்கும்.

நூலகத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே, முன்பு உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த அறை அது. மாணவர்களுக்கு மாணவர்களே பாடம் சொல்லித்தரும் இடம். நாலு மேசை, ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறிக்குச் சும்மா நிற்கத் தெரியும், இல்லையென்றால் காகிதத்தையெல்லாம் பறக்கவிடத் தெரியும், நடுவாந்தரமாக எதுவும் தெரியாது. சொல்லித்தருகிறவர்களுக்கு அது சமூக சேவைக் கணக்கில் சேரும். விதி ஒன்றே ஒன்று: பேனா கற்க வந்தவர் கையில்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் அந்த விதியை யாராவது பார்க்கும்போது கடைப்பிடிப்பார்கள். அக்காவுக்கோ அது உயிர்.

காலையில் அவருக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. "அங்கயும் பயந்துக்கிட்டேதான் வராங்க, இங்கயும் பயந்துக்கிட்டேதான் வராங்க. அங்க கன்னம் வீங்கியிருக்கும், இங்க முகம். அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். முதலாமாண்டுக்காரர்கள் எல்லோருக்கும் 'கல்லூரியில் வெற்றி பெறுவது எப்படி' என்று ஒரு கட்டாயப் பாடம் உண்டு. அதில் நேர நிர்வாகம் பற்றிய வகுப்புக்கு அக்கா தவறாமல் தாமதமாகத்தான் வந்து சேர்வார். வாத்தியாரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்.

நாற்பத்து மூன்று வயதில் இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, மகளைச் சேர்க்க வந்த இடத்தில் விண்ணப்பத்துக்கு வயது வரம்பு இல்லையென்று கண்டு ஆசை வந்துவிட்டதாகச் சொல்வார். மகள் ஒரு வருடம் முந்திக்கொண்டாள். ஆகவே வீட்டில் மகள், கல்லூரியில் சீனியர். அக்கா சேர்ந்த அன்றே அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "அம்மா, காலேஜ்ல என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது. சரியா?" அக்கா சரியென்றார். அந்தச் சொல்லைக் காப்பாற்றியும் வருகிறார். நடைபாதையில் எதிரெதிரே வந்தால் மகள் கைப்பேசியைப் பார்ப்பாள், அம்மா அறிவிப்புப் பலகையைப் பார்ப்பார். அந்தப் பலகையில் இருப்பதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம்.

அக்கா நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய புள்ளியியல் தாளில்தான் மகள் இரண்டு தடவை தவறியிருக்கிறாள். மூன்றாவது தடவையும் போனால் ஒரு வருடம் வீணாகும். அதற்குக் காரணம் யார் என்று வீட்டில் இருவருக்கும் தெரியும். பள்ளி நாட்களில் மகள் வீட்டுக்கணக்கோடு திணறினால் அம்மாவுக்குத் தாங்காது. "குடு இங்க, தூங்கப் போ" என்று பேனாவைப் பிடுங்கி, குழந்தைக் கையெழுத்தில் தானே போட்டுக் கொடுத்துவிடுவார். வருடக்கணக்கில் அப்படியே நடந்தது. இரண்டாவது முறை தவறிய அன்று, "எல்லாக் கணக்கையும் நீயே போட்டுட்டியேம்மா. நான் எப்போ போட்டேன்?" என்று மகள் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதன் பிறகு அம்மா அறைக்குள் வந்தால் புத்தகத்தை மூடிவிடுகிறாள்.

ஊரார் பிள்ளைகளெல்லாம் வந்து உட்கார்ந்து எழுந்து போகிற அந்த எதிர் நாற்காலியில் ஒருத்தி மட்டும் வந்து உட்கார மாட்டாளா என்று அக்காவுக்கு ஏக்கம். கதவு கிரீச்சிட்டால் போதும், கண் போய்விடும். யாரோ வருவார்கள். "வாங்க, உக்காருங்க. என்ன பாடம்?" என்று அவர்களிடமும் முகம் கோணாமல்தான் கேட்பார்.

தேர்வுக்கு முந்தின வாரம், சாயங்காலம் அறையை மூடப்போகிற நேரத்தில் கதவு கிரீச்சிட்டது. மற்ற மூன்று மேசைகளிலும் ஆள் இல்லை. மகள் வாசலில் நின்றபடி நடைபாதையின் இரு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, ஃப்ரீயா இருக்கீங்களா?"

அம்மா என்று கூப்பிடவில்லையே என்று அக்காவுக்கு ஒரு பக்கம் வலித்தது. வந்துவிட்டாளே என்ற சந்தோஷம் அந்த வலியை ஒதுக்கித் தள்ளியது. நிபந்தனை நிபந்தனைதான்.

"வாங்க, உக்காருங்க. என்ன பாடம்?"

"திட்டவிலக்கம்."

"சரி, போடுங்க பாப்போம்." கைகள் தொடைக்கு அடியில் போய்விட்டன.

மகள் எழுதினாள். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்துவிட்டு வர்க்கம் எடுக்க வேண்டும். அவள் கழிக்காமலே எடுக்கப் போனாள். அக்கா பல்லைக் கடித்தார். "ம்ம்... அப்புறம்?" நாலு வரியில் எண்கள் பூதமாக வளர்ந்தன. மகள் நின்றாள். கண் கலங்கியது. பேனாவை மேசைக்கு அந்தப் பக்கமாக நீட்டினாள்.

"எனக்கு வராது. நீங்களே போட்டுடுங்களேன்."

எத்தனையோ இரவுகள் பிடுங்கிய அதே பேனா மாதிரி இருந்தது. வாங்கினால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், கண்ணீரும் நின்றுவிடும். அக்காவின் விரல்கள் நாற்காலிப் பின்னலை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

"நீங்களே போடுங்க. எவ்வளவு நேரமானாலும் நான் இங்கதான் இருப்பேன்."

மகள் அவரையே பார்த்தாள். பிறகு பார்வை கீழே இறங்கி, அந்தக் கைகள் எங்கே போயின என்று தேடிக் கண்டுபிடித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளைத் திருப்பி முதலிலிருந்து தொடங்கினாள். மின்விசிறி தாளைத் தூக்கியது. இடது கையால் அமுக்கினாள், மறுபக்கம் தூக்கியது. பேனாவை வாயில் கவ்வியபடி மேசைக்குக் குறுக்கே குனிந்து, தொடைக்கு அடியிலிருந்து அம்மாவின் ஒரு கையை இழுத்து எடுத்தாள். பின்னல் தடம் பதிந்த உள்ளங்கையைத் தாளின் ஓரத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த எண்ணிலிருந்து சராசரியைக் கழிக்கத் தொடங்கினாள்.