பதக்கம் வந்த பிறகு யோரூன்

மேயர் கைபேசியில் கூப்பிட்டபோது யோரூன் வாயில் நான்கு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருந்தாள். நவம்பர் மாதத்து வியாழக்கிழமை. பள்ளி பேண்டின் பயிற்சி தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கீழ்த்தளத்தில் சீருடைகள் தொங்கும் அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: ஒரு சின்னப் பெண்ணுக்கான சட்டையின் கையை மடித்துக் குத்திக்கொண்டிருந்த யோரூன், இசைத்தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்த பேண்டு மாஸ்டர் ஹால்டிஸ், பேண்டுக் குழுவின் செயலாளரான நான். மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மூவருக்கும் அப்போது அறுபத்தெட்டு வயது.

"யாரு? மேயரா?" என்றாள் யோரூன், ஊசிகளுக்கு நடுவே. "கொஞ்சம் இருங்க. நீங்க ஹால்டிஸத் தேடுறீங்க. அவ இங்கதான் இருக்கா." மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்காமலே கைபேசியை நீட்டினாள். "ஹால்டிஸ், ஒனக்குத்தான். மேயர்."

ஹால்டிஸ் காதோர முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு வாங்கினாள். "ஆமா, ஹால்டிஸ்தான் பேசுறேன்" என்றபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பிறகு எங்கே போவது என்று தெரியாமல் தவித்தது. "ஓ. இல்ல, இல்ல. பக்கத்துலதான் இருக்கா." கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒனக்குத்தானாம்."

அரசரின் நற்பணிப் பதக்கம் யோரூனுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. வெள்ளியில் வார்த்தது, சிவப்பு நாடாவில் தொங்குவது. அவள் மூன்று முறை "தப்பா சொல்றீங்க" என்றாள். நான் அலமாரிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே எண்ணி வைத்த தொப்பிகளை மறுபடி எண்ணினேன். ஏனென்றால் அந்த விண்ணப்பத்தை எழுதி அனுப்பியவன் நான்.

யோரூன் உருக்காலைத் தொழிலாளியின் மகள். அலுமினியம் உருக்கும் அந்த ஆலைதான் எங்கள் ஊர். மலைக்கும் கடற்கழிக்கும் நடுவே வேறு எதற்கும் இடமில்லை. பதினெட்டு வயதில் ஆலை உணவகத்தில் ரொட்டி அறுக்கப் போனவள், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள். அவள் மகன் ஒன்பது வயதில் பேண்டில் டிராம்போன் ஊதச் சேர்ந்தான், பதின்மூன்று வயதில் விட்டுவிட்டான். யோரூன் விடவில்லை. முப்பத்துநான்கு வருடங்களாக நாற்பது சீருடைகளைத் துவைத்தாள், தேய்த்தாள், வளர்கிற பிள்ளைகளுக்கு ஏற்பக் கால்சட்டை நீளத்தை இறக்கினாள். பேண்டுக்காக நாங்கள் நடத்தும் பழைய சாமான் சந்தையில் இரண்டு நாளும் நின்றபடியே வாஃபிள் சுட்டாள். மே பதினேழாம் தேதி, நாட்டின் பிறந்த நாளில், ஊர்வலத்தின் ஓரமாகப் பையும் கையுமாக ஓடினாள். பிளாஸ்திரி, கயிறு, சாக்லேட், மாற்றுக் காலுறை எல்லாம் அந்தப் பையில் இருக்கும். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஹால்டிஸின் கதை வேறு. அவள் அப்பா எங்கள் வட்டாரத்தின் மருத்துவர். புனித ஓலாவின் பெயரால் அரசர் கொடுக்கும் வீரர் பட்டம் அவருக்குக் கிடைத்திருந்தது. வெள்ளைச் சிலுவையும் பட்டமும் அதோடு ஊரின் மரியாதையும். ஆனால் அந்தச் சிலுவை வாங்கியவருக்குச் சொந்தமில்லை. அவர் இறந்தால் அரண்மனைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அப்பா இறந்த மாதம், பதினாறு வயது ஹால்டிஸ்தான் அந்தப் பெட்டியைத் தபால் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று அவளோடு துணைக்கு நடந்தவள் யோரூன். பிறகு ஹால்டிஸ் தலைநகரில் இசை படித்துத் திரும்பி வந்து, ஒன்றுமில்லாத பேண்டை மாவட்டப் போட்டியில் இரண்டு முறை முதலிடத்துக்குக் கொண்டுபோனாள். என்றாவது ஒருநாள் தனக்கும் ஏதாவது வரும் என்று அவள் எதிர்பார்த்தது ஊருக்கே தெரியும்.

நான் ஏன் யோரூன் பெயரை மட்டும் எழுதினேன்? பேண்டு மாஸ்டர் வேலைக்கு நகராட்சி சம்பளம் கொடுக்கிறது. செய்கிற வேலைக்காக அந்தப் பதக்கம் வராது. அது ஒரு காரணம், உண்மையான காரணமும்கூட. ஆனால் வேலையைத் தாண்டி ஹால்டிஸ் செய்தவையும் இருந்தன. நான் அவற்றைத் தேடிப் பார்க்கவில்லை. அவள் கத்தலுக்குக் கீழே முப்பது வருடம் வேலை செய்து எனக்கு அலுத்திருந்தது.

விண்ணப்பத்துக்கு ஆதரவாகச் சிலர் கடிதம் எழுத வேண்டும். பெறப்போகிறவருக்குத் தெரியக் கூடாது. ஒன்றரை வருடம் முன்பே ஹால்டிஸிடம் கேட்டிருந்தேன். "தாளக் குடு, பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள். எழுதவில்லை. நான் இரண்டு முறை நினைவூட்டினேன், பிறகு பள்ளித் தலைமையாசிரியரிடமும் பாதிரியாரிடமும் வாங்கி அனுப்பிவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஊர் மண்டபத்தில் விழா நடந்தது. மேயர் கழுத்தில் பதவிச் சங்கிலி போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகள் வாசித்தார்கள், ஹால்டிஸ் நடத்தினாள். எந்தச் சுரமும் பிசகவில்லை. நாடாவைக் குத்தும்போது யோரூன் ஊசி போட்டுக்கொள்ள வந்த குழந்தைபோலத் தலையைத் திருப்பிக்கொண்டாள். பேசச் சொன்னார்கள். "இது எனக்கு மட்டும் இல்ல. ஹால்டிஸுக்கும்தான்" என்று சொல்லிவிட்டு அவளைத் தேடினாள். மேடை ஓரத்தில் பேண்டை நடத்தும் குச்சி மட்டும் கிடந்தது. ஹால்டிஸ் கேக் வெட்டுவதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தாள்.

அன்றிலிருந்து யோரூனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்போதும் நின்றுகொண்டே இருப்பவள்தான். ஆனால் முன்பு கையில் வேலை இருக்கும். இப்போது வேலை இல்லாமலும் நின்றாள். அவள் வீட்டுக்குப் போனால் பதக்கப் பெட்டி ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் இருக்கும். குளிர்பெட்டி மேல் ஒருநாள், ரொட்டி டப்பாவில் ஒருநாள், கம்பளி உருண்டைகளுக்கு அடியில் ஒருநாள். காபி ஊற்றிவிட்டுக் குடிக்காமல் ஜன்னலுக்குப் போவாள். படகுத்துறைவரை நடந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள்.

ஹால்டிஸ் சண்டை போடவில்லை. அதுதான் கொடுமை. பயிற்சிக்கு வந்தவுடன் பிள்ளைகள் முன்னால், "எல்லாரும் எந்திரிங்க, மெடல்காரம்மா வர்றாங்க" என்பாள். ஒரு மேளத்தின் தோல் கிழிந்தபோது, "அரசர்கிட்டச் சொல்லு யோரூன், ஒனக்குத்தான் பழக்கமாச்சே" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். யோரூனும் சிரித்தாள். பிறகு கீழே போய், தேய்த்த சட்டைகளையே மறுபடி தேய்த்தாள்.

மார்ச்சில் ஒருநாள் நகராட்சி அலுவலகத்துக்கே போய்விட்டாள். அங்கே இருந்த இளம்பெண்ணிடம் பெட்டியை வைத்து, "இதுல இன்னொரு பேரையும் சேக்கணும்" என்றாளாம்.

"அப்படிச் சேக்க முடியாதுங்க. இது ஒரு ஆளுக்குத்தான்."

"அப்ப பேர மாத்திக் குடுங்க."

"அதுவும் முடியாது."

"திருப்பிக் குடுத்தா?"

அந்தப் பெண் பயந்துபோய், "ஏங்க, எங்கயாவது ஒடைஞ்சிருக்கா?" என்று கேட்டாளாம்.

யோரூன் அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். காலணியைக் கழற்றவில்லை, கதவருகிலேயே நின்றாள். "எழுதினது நீதானே?"

"ஆமா."

"அவ பேர ஏன் விட்ட?"

சம்பளக் காரணத்தைச் சொன்னேன். அலுப்பைப் பற்றியும் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ நல்லது செஞ்சதா நெனச்ச ஸ்டெய்னார். எனக்கு இருந்த ஒரே சிநேகிதியப் பறிச்சுட்ட." கடிதம் பற்றிச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவளுக்கு இன்னும் வலிக்கும் என்று நினைத்தேன். அதைவிட, எனக்குத் துணிச்சல் இல்லை என்பதே சரி.

ஏப்ரலில், ஊர்வலத்துக்கான சீருடை அளவு பார்க்கும் நாளில் அது வெடித்தது. பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள், நான் தொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஹால்டிஸ் தன் மேல்சட்டையை வாங்கிக்கொள்ள வந்தாள். யோரூன் அதைத் தோளில் மாட்டிவிட்டு, பையிலிருந்து பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"நீ வச்சுக்க. ஒங்கிட்ட இருந்தா நான் நிம்மதியா இருப்பேன்."

ஹால்டிஸ் பெட்டியைத் திறக்கவில்லை. "பிச்சை போடுறியா?"

"இல்லடி. நீ இல்லாம இந்தப் பேண்டே இல்ல. நான் துணி துவைச்சவ."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பாவம் யோரூன், ஒண்ணுமே கேக்காதவ. நான்தான் கேக்கறவ, கத்துறவ." அவள் குரல் உயர்ந்தது. "ஒனக்குத் தெரியுமா? எங்கிட்டதான் மொதல்ல கடுதாசி கேட்டான் இவன். ஒன்னைப் பத்தி எழுதச் சொல்லி. ஒரு பக்கம் போதும்னான். நான் எழுதல."

யோரூன் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"எழுத மறந்துட்டியா?"

"மறக்கல. அந்தத் தாளு மேசை இழுப்பறையில கெடக்கு. நான் எழுதலைன்னா விண்ணப்பமே செத்துப்போகும்னு நெனச்சேன். மேயர் கூப்பிட்டாரே, அன்னிக்கு..." அவள் நிறுத்தினாள். "அன்னிக்கு, இவங்க கடைசியா என்னைத்தான் யோசிச்சிருக்காங்கன்னு நெனச்சுட்டேன்."

யோரூன் போய், ஆவி விட்டுக்கொண்டிருந்த தேய்ப்புப் பெட்டியை அணைத்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் நான் ஐம்பது வருடத்தில் பார்க்காத ஒன்று இருந்தது.

"நாலு மாசமா நான் தூங்கல, ஹால்டிஸ். ஒன்கிட்டருந்து எதையோ திருடிட்ட மாதிரி. எங்க வைக்கறதுன்னு தெரியாம அந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். முப்பத்திநாலு வருஷம் ஒன் காலரத் தேய்ச்சிருக்கேன். ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம் எழுத வரலயா ஒனக்கு?"

"யோரூன்..."

"கத்துறவ நீதான்னு சொன்னியே, இப்ப நான் கத்துறேன், கேளு! குடு இங்க." பெட்டியைப் பிடுங்கினாள். "சட்டையையும் கழட்டு. ஒரு கை இன்னும் மடிக்கல. வீட்டுக்குக் கொண்டுபோய் நீயே மடிச்சுக்க."

"எனக்குத் தைக்கத் தெரியாதுடி."

"கத்துக்க."

அவள் மாடிப்படி ஏறிப் போகும் சத்தம் கேட்டது. ஹால்டிஸ் ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமான சட்டையோடு நின்றாள். "நீ ஏண்டா சொல்லல?" என்று என்னைக் கேட்டாள்.

மே பதினேழு அன்று காலையிலிருந்தே தூறல். பிர்ச் மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. யோரூன் பேண்டின் நீல மழைச்சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். அதன்மேல், இடப்பக்கம், பதக்கம். ஊர்ப் பெண்கள் பாரம்பரிய உடையில், வெள்ளி உடுப்பூசிகளோடு மினுங்கிக்கொண்டிருந்தார்கள். மழைச்சட்டையில் பதக்கம் குத்தியவள் அவள் ஒருத்திதான். தேவாலயத் திருப்பத்தில் பெரிய மேளத்தின் வார் அறுந்தது. யோரூன் ஓடினாள். குனிந்து கயிறு கட்டும்போது பதக்கம் மேளத்தில் இடித்து டணங்கென்றது. மேளக்காரப் பெண் சிரித்துவிட்டாள். யோரூன் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு முடிச்சைப் போட்டாள், மறுபடி வெளியே எடுத்துவிட்டாள், ஓடினாள். முன்னால் போன ஹால்டிஸின் சட்டைக் கை வெள்ளை நூலில் கோணல்மாணலாக மடித்துத் தைத்திருந்தது. கறுப்புச் சட்டையில் அது எல்லாருக்கும் தெரிந்தது.

மதியம் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நின்றபோது, ஹால்டிஸ் இரண்டு காபி வாங்கிக்கொண்டு வந்தாள்.

"நான் பொறாமைப்பட்டேன்" என்றாள், வணக்கம் சொல்வதுபோலச் சட்டென்று.

"தெரியும்" என்றாள் யோரூன். காபியை வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் கோவமா?"

"ஆமா."

"எவ்ளோ நாளைக்கு?"

"எனக்கென்ன தெரியும்? இதுக்கு முன்னால நான் கோவப்பட்டதே இல்ல. ஜூன்ல கேட்டுப் பாரு."

ஹால்டிஸ் ஜூனில் கேட்டாள். இன்னும் போகவில்லை என்றாள் யோரூன். ஜூலையில் அவள் தனியாக ரயிலேறி அரண்மனைக்குப் போய், பதக்கம் பெற்றவர்களின் வழக்கப்படி அரசருக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். ஹால்டிஸைத் துணைக்குக் கூப்பிடவில்லை. உள்ளே என்ன பேசினாள் என்று நான் கேட்டதற்கு, "காலணி கடிச்சுது. அதத்தான் யோசிச்சுட்டு இருந்தேன்" என்றாள்.

சீருடை வேலைக்குப் பெற்றோர்களை முறைவைத்துப் போட வேண்டும் என்று அவளே குழுவில் எழுந்து சொன்னாள். முப்பத்துநான்கு வருடத்தில் அவள் கூட்டத்தில் பேசியது அன்றுதான். யாரும் மறுக்கவில்லை, யாருக்கும் பிடிக்கவும் இல்லை. இப்போது சட்டைகள் முன்போல் மொடமொடப்பாக இல்லை.

ஆகஸ்டு கடைசியில், மலைமேல் நீலப்பழம் பழுத்திருந்தது. நான் வாளியோடு ஏறிக்கொண்டிருந்தபோது மேலே இரண்டு குரல்கள் கேட்டன. பாறைக்கு அந்தப் பக்கம் யோரூனும் ஹால்டிஸும் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் புதரு என்னோடது. நான்தான் மொதல்ல பார்த்தேன்."

"பார்த்தா ஒன்னோடதா? பேர எழுதி வச்சிருக்கியா?"

"கைய எடுடி. எல்லாத்தையும் நசுக்குற."

நான் அவர்கள் கண்ணில் படாமல் வேறு பாதையில் ஏறினேன். வெகுதூரம்வரை அவர்கள் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.