மகளுக்காக நட்ட முள்வேலி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஷ்லீரன் நகரில் எங்கள் வீடு தரைத்தளம். பின்பக்கம் ஒரு துண்டு புல்தரை, அதைத் தாண்டினால் பஸ்ஸும் லொறியும் ஓயாத பெருந்தெரு. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்பமாட்டாள், கதவு திறந்தால் தெருவுக்கு ஓடுவாள். இரண்டு தடவை சாரதிகள் பிரேக் அடித்ததால் தப்பினாள்.

கம்பி வேலி போட வீட்டு நிர்வாகத்திடம் அனுமதி கேட்டேன். குடியிருப்பின் அழகு கெடுமாம், செடி வேலி என்றால் பரவாயில்லையாம். அழகாம்! அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டேன்.

நாற்றுப்பண்ணைக்காரி ஹொலிச் செடியைக் காட்டினாள். பனியிலும் பச்சை மாறாது, இலை ஓரமெல்லாம் முள். பழம் நஞ்சு என்றதும் பதறினேன். என் மகள் கண்டதையும் வாயில் போடுகிறவள். ஆண் செடி காய்க்காது என்றாள் பண்ணைக்காரி. பதினான்கையும் ஆணாகவே வாங்கி, நெருக்கமாக நானே நட்டேன். முழங்கால் உயரம்தான் இருந்தன.

பிறகு என் அவசரப் புத்தி. ஊர்ப் பழக்கத்தில், கிரில் அடுப்புச் சாம்பலை வாரி வாரி வேரடியில் போட்டேன். இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. இந்தச் செடிக்கு அமிலம் கூடிய புளிப்பு மண்தான் வேண்டும், சாம்பல் ஆகாது என்று பிறகுதான் பண்ணைக்காரி சொன்னாள். குந்தியிருந்து கையால் வழித்தெடுத்தேன். ஒரு வருடம் வீண். என்னையே அறையவேண்டும்போல் இருந்தது.

தேறிய பின்னும் வருடத்துக்கு ஒரு சாண்தான் வளர்ந்தது. ஞாயிறுதோறும் அளவுநாடாவோடு நிற்பேன்.

"இஞ்சாரும், உது வளர முதல் பிள்ளை வளர்ந்திடுவாள்," என்றார் கணவர். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் கோபம்.

நான்காம் வருடம் வேலி அவள் நெஞ்சளவு வந்து அடர்ந்தது. அன்று முதல்முறையாகக் கதவைத் திறந்துவிட்டு வெங்காயம் அரிந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் வேலியை ஊடறுத்து நடந்துகொண்டிருந்தாள். வெறுங்கையால் கிளைகளை விலக்கி, அவசரமே இல்லாமல். முன்கதவால் வீட்டைச் சுற்றி ஓடிப்போய்ப் பிடித்தபோது தெருவுக்கு இரண்டடிதான் மிச்சம். கை, கன்னம், முழங்கால் எல்லாம் கீறி இரத்தம். முகம் மட்டும் சுளிக்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிகிற அளவுக்கு இவளுக்கு வலி தெரியாது என்று மருத்துவர் எப்போதோ சொல்லியிருந்தார். முள்ளை நம்பிச் செடி வாங்கிய அன்று எனக்கு அது நினைவுக்கு வரவேயில்லை.

குளியலறையில் இருத்தி, தோலில் முறிந்திருந்த முட்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். அவள் சும்மா இருந்தாள். ஒவ்வொரு முள்ளுக்கும் அழுதது நான்தான்.