பால் இறங்கும் நேரம்

மகள் பிறந்த நான்காம் நாள் அது முதன்முறையாக வந்தது. அவள் வாய் வைத்து நாலைந்து முறை இழுத்திருப்பாள். இருட்டில் படி தவறியது போல வயிற்றுக்குள் ஓர் இறக்கம். யாரோ செத்துப்போன செய்தியைக் கேட்டது போல நெஞ்சு காலியானது. இனி எதுவும் சரியாகாது, இந்தக் குழந்தையும் நானும் இருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தோன்றியது. பிறகு சுருசுருவென்று பால் இறங்கியது. ஓரிரு நிமிடத்தில் அந்த எண்ணமும் போய்விட்டது.

அடுத்த முறையும் வந்தது. பத்து முறை குடித்தால் பத்து முறையும் வந்தது.

கீழ்பென்னாத்தூரில் மாமியாரோடுதான் இருந்தோம். அவர் மாடு கறந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்.

"அத்தை, பாப்பா வாய் வெச்சதும் எனக்கு அழுகையா வருதுங்க. பயமா இருக்குது."

"பால் ஜாஸ்தியாவே இருக்குது. இல்லாதவ அழுவலாம், நீ ஏன் அழுவுற?" என்றவர், திரும்பாமலே சொன்னார்: "கன்னு முட்டுனா மாடு தானா சொரப்பு விடுது. வாயில்லாத ஜீவன். அதுக்குத் தெரியறது உனக்குத் தெரியலியா?"

பசுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசைபோட்டுக்கொண்டு நின்றது.

வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. மூன்று மாதம்தான் விடுப்பு. திரும்பவும் வேலைக்குப் போக ஆரம்பித்த வாரம், பஸ்ஸில் யாருடைய குழந்தையோ வீறிட்டு அழுதது. அதே இறக்கம். சற்று நேரத்தில் ரவிக்கை நனைந்தது. என் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். எதிரே மலை. தினமும் அதைப் பார்த்துக் கைகூப்பும் எனக்கு அன்று கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

அதன் பிறகு தப்பிக்கத் தொடங்கினேன். குழந்தை அழுதால் துவைத்த துணியையே மறுபடி அலசினேன். ஐந்தாம் மாதம், இனி கொடுக்கமாட்டேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போனார். மாமியார்தான் பால் வற்றுவதற்காக மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினார், என் முகத்தைப் பார்க்காமல். குழந்தை இரண்டு நாள் புட்டியைத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பித் திரும்பி அழுதது. மூன்றாம் நாள் குடித்தது. அன்றிலிருந்து மாமியாரிடமே படுத்தது.

இரண்டு வருடம் கழித்து மகளைக் காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில், ஒரு பெண் மருத்துவர் எவ்வளவு நாள் தாய்ப்பால் கொடுத்தீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பால் இறங்கறப்ப மூளையில ஒரு சுரப்பு கம்மியாவும்மா. சிலருக்கு அது திடுதிப்புனு விழுந்துடும்னு சொல்றாங்க. அதான் அந்த வருத்தம். உங்க மனசு காரணமில்ல."

"அப்பவே தெரிஞ்சிருந்தா நின்னிருக்குமா டாக்டர்?"

"நின்னிருக்கும்னு சொல்ல முடியாது. ஏன்னு தெரிஞ்சிருக்கும்."

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். "அதான் முடிஞ்சுபோச்சே," என்றார். மாமியார், "டாக்டருங்க எதுக்கும் ஒண்ணு சொல்லுவாங்க," என்றார்.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால், பக்கத்தில் நிற்கும் என்னைத் தாண்டி மாமியாரிடம் ஓடுகிறாள். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். வேண்டாம் என்கிறேன். காரணம் கேட்கிறார்கள். அதையெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று.