காற்றுக்கு எதிராகக் கூட்டிய படம்

ஊர்காவற்றுறை இறங்குதுறை மண்டபத்துச் சுவரில் படம் கீறித் தரும்படி கேட்டு வந்தவர்கள், வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவன். என்னிடம் படித்தவர்களில் ஒருவர்கூட ஓவியர் ஆகவில்லை. அவ்வளவு கவனமாகப் படிப்பித்திருக்கிறேன்.

ஊரைத் துப்புரவாகவும் பழுதில்லாமலும் வைத்திருப்பவர்களைக் கீற வேண்டும் என்றார்கள். மின்கம்பத்தில் ஏறி நிற்பவர் ஒருவர், வீதியில் குழி நிரப்புகிறவர் ஒருவர், இறங்குதுறையைக் கூட்டுகிற பெண் ஒருத்தி. முதல் இருவரையும் மனதிலிருந்து கீறினேன். கம்பத்தில் நின்றவரின் கால்கள் கம்பத்தைவிடச் சற்று நீளமாக வந்துவிட்டன. ஒருவரும் முறையிடவில்லை.

கூட்டுகிறவரை நேரில் பார்த்துத்தான் கீறினேன். அவ என்னிடம் படித்தவதான். ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கச் சொன்னேன்.

"சேர், நான் நிண்டா ஆர் கூட்டுறது?" என்று சொல்லிவிட்டு அவ தன்பாட்டில் போனா. நான் கொப்பியும் பென்சிலுமாகப் பின்னால் ஓடி ஓடிக் கீறினேன். முகமும் கையும் விளக்குமாறும் நன்றாகவே வந்தன. சுவரில் ஏற்றியபோது பின்னால் வெறுமையாக இருந்ததால், நயத்துக்காக ஏழு பனைகளை வைத்து, காற்றில் ஓலை சாய்கிற மாதிரிக் கீறிவிட்டேன்.

படம் முடிந்த அன்று காரைநகரிலிருந்து வந்த படகு ஆட்களை இறக்கியது. அவர்கள் படத்தின் முன் நின்றார்கள். நான் அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன். படகுக்காரர் படத்திலிருந்தவவைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார்.

"அக்கா, காத்துக்கு எதிராயோ கூட்டுறியள்? குப்பை உங்களுக்கு முந்தி வீட்டை போய்ச் சேருமே!"

அப்போதுதான் பார்த்தேன். பனையோலைகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. அவ குப்பையை இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தா. சோளகக் காற்றில் முற்றம் கூட்டிய எவருக்கும் காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் கூட்ட வேண்டும் என்பது தெரியும். எங்கள் வீட்டு முற்றத்தை நான் எத்தனை தரம் கூட்டியிருக்கிறேன் என்பது இதிலிருந்து ஊருக்கும் தெரிந்துவிட்டது.

பின்னேரம் அவ வந்தா. சிரிக்கவில்லை.

"சேர், எனக்கு இது பகிடியில்லை. ஒன்பது வருசமாய்த் தற்காலிகம். வெள்ளிக்கிழமை பிரதேச சபைப் பெரியவர் படம் திறக்க வாறார். என்ரை வேலையையும் பாத்துப்போட்டுத்தான் நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுவார். இதைப் பாத்தா என்னத்தை எழுதுவார்?"

"அவர் கந்தோரிலை மேசைக்கு முன்னாலை இருக்கிற ஆள். காத்தையெல்லாம் பாக்கமாட்டார்."

"அவர் நெடுந்தீவார் சேர். பிறந்ததிலையிருந்து காத்தைத் தவிர வேறை ஒண்டும் பாத்திரார்."

"அப்ப உம்மைத் திருப்பிக் கீறிவிடவோ?"

"திருப்பினா முதுகெல்லோ தெரியும்? ஒன்பது வருசமாய் எல்லாரும் அதைத்தானே பாத்தவை. பனையைத் திருப்புங்கோ."

ஏழு பனைகளைத் திருப்புவது சின்ன வேலை என்று நினைத்தேன். வியாழக்கிழமை இருட்டும்போது ஐந்துதான் திரும்பியிருந்தன. வெள்ளி விடியவே ஏணியில் ஏறினேன். காற்று ஏணியைப் பிடித்து ஆட்டியது. அவ ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டா. ஏழாவது பனையின் கடைசி ஓலையைச் சாய்த்தபோது பெரியவரின் வாகனம் வந்து நின்றது.

இறங்குதுறையை அன்று ஒருவரும் கூட்டவில்லை. காலைப் படகுகளில் வந்தவர்கள் போட்ட கச்சான் கடலைக் கோதும் ரிக்கற் துண்டும் வாழைப்பழத் தோலும் அப்படியே கிடந்தன. சுவரில் மட்டும் நிலம் துப்புரவாக இருந்தது.

அவவின் முகம் செத்துப்போயிற்று. நான் பதறி இறங்கி விளக்குமாற்றை எடுத்துக் கூட்டத் தொடங்கினேன். எந்தப் பக்கம் பார்த்துக் கூட்டினேன் என்று சொல்ல விருப்பமில்லை. கச்சான் கோதுகள் எழும்பிப் பறந்து, வந்தவரின் வெள்ளைச் சேட்டில் போய் ஒட்டின.

அவர் கோதுகளைத் தட்டிவிட்டுக் கேட்டார்: "இது ஆர், புது ஆளோ?"

"ஓம் ஐயா," என்றா அவ. "இன்னும் பழகேல்லை."

என் கையிலிருந்து விளக்குமாற்றைப் பறித்தா. மற்றப் பக்கமாகச் சுற்றிப் போய், காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று நாலு இழுப்பு இழுத்தா. மிச்சத்தைக் காற்றே கொண்டுபோய் மூலையில் சேர்த்தது. பெரியவர் அதைக் கடைசிவரை நின்று பார்த்தார். படத்தை நாடா வெட்டுகிற நேரம் மட்டும் பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்து அவ ஒரு கடிதத்தோடு வீட்டு வாசலில் நின்றா. நிரந்தரமாக்கியிருந்தார்கள். இரண்டு தரம் வாசித்தேன்.

"என்னைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?"

"நீங்கள் தற்காலிகம் தானே சேர்," என்றா. "இனி எனக்குப் பச்சைச் சட்டையும் சப்பாத்தும் தருவினமாம். படத்திலை வெறுங்காலோடை நிக்கிறன். கெதியாய் மாத்திவிடுங்கோ."

பச்சைப் பெயின்ற் வீட்டில் இருந்தது. சப்பாத்துத்தான் எனக்குக் கீற வராது.